கடல் மயக்க மாத்திரை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இந்த நோட்டு டிக் போடுவதற்காகக் கொடுத்தது. காலையில் மாத்திரை போட்டதும் தேதிக்கு நேராக ஒரு டிக், அவ்வளவுதான் உங்கள் வேலை என்றார் ஆஸ்பத்திரி ஆலோசகர் தமிழ்மொழி மேடம். டிக்குக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இன்று ஆறாவது டிக்.

காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நானும் சந்திராவும் நின்றபடி ஆளுக்கொரு மாத்திரை விழுங்குகிறோம். அவளுடையது நோய்க்கு. என்னுடையது நோய் வராமல் இருக்க. அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எனக்கு இல்லை.

எழுதிவிட்டேன்.

ஜனவரியில்தான் தெரிந்தது. கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லையே என்று இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். அதில் வந்தது. சந்திராவுக்கு நான் இரண்டாவது கணவன். முதல் கணவர் இறந்தபோது மஞ்சள் காமாலை என்று அவர் வீட்டார் சொன்னார்கள். அவளும் நம்பினாள், நானும் நம்பித்தான் கட்டினேன். அவர்களுமே அப்படித்தான் நம்பினார்களோ என்னவோ. செத்துப்போனவரைத் திட்டி இப்போது என்ன ஆகப்போகிறது.

முதல் மூன்று நாள் நான் நல்லவனாக இல்லை. துறைமுகத்தில் போட்டிலேயே படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். "உங்களுக்கு இல்லைன்னு வந்துடுச்சுல்ல, அது போதும். போறதுன்னா போங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே என் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். காலர் கசங்காமல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பசிக்கிறது, சோறு போடு என்றேன்.

அவள் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அடங்க ஆறு மாதமாவது ஆகுமாம். அடங்கி அப்படியே நின்றுவிட்டால் அவளிடமிருந்து எனக்கு வராதாம். அதுவரை எனக்குக் காவல் இந்த மாத்திரை. கூட ஆணுறையும் என்று மேடம் சொன்னபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயது ஆள்!

விஷயம் எங்கள் இருவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். அதோடு நிற்க வேண்டும். சந்திரா வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். எங்கள் ஊர் மண்டபத்தூரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் அளவு கொடுக்கிறார்கள். தெரிந்தால் ஒருத்தியாவது கையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நிற்பாளா?

11 பிப்ரவரி

நாளை தங்கல். ஆறு நாள் கடலில். டப்பா மேல் இருந்த லேபிளைச் சந்திரா தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டி எடுத்துக் கொடுத்தாள். போட்டில் ஒளிப்பதற்கு இடம் ஏது? எட்டு பேர் ஒரே பாயில் புரளும் இடம் அது.

18 பிப்ரவரி

வந்து சேர்ந்தோம். மீன் பரவாயில்லை. நான்தான் பரவாயில்லை என்று சொல்லும்படி இல்லை.

புது மாத்திரைக்கு முதலில் சிலருக்குக் குமட்டும், பிறகு சரியாகிவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். கடலில் இரண்டாம் நாள் காலையில் போட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பதினேழு வருடம் போட்டு ஓட்டுகிற டிரைவர். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு மாத்திரையைப் போட்ட நேரத்தில் மாரிக்கண்ணு அண்ணன் வந்து நின்றார். ஐம்பத்தேழு வயது, எங்கள் போட்டில் மூத்தவர். வலை விடுவதும் ஏற்றுவதும் அவர் சொல்படிதான்.

"என்னடா மாத்திரை அது?"

"மயக்கம்ணே. கடல் மயக்கம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள், மீன் எல்லாம் ஓடியிருக்கும். முதன்முதலாகக் கடலுக்கு வருகிறவனுக்குத்தான் கடல் மயக்கம் வரும். கரை சேர்வதற்குள் எனக்கு 'மயக்கம் டிரைவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பொய்யாகவே இருந்தாலும் அவமானம் அவமானம்தான்.

2 மார்ச்

பெயர் என்னை முந்திக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறது. மாரிக்கண்ணு அண்ணன் மனைவி காசியம்மா அண்ணி காரைக்காலில் மீன் விற்கிறவர். ரவிக்கை வாங்க வந்தபோது, "ஒன் வீட்டுக்காரனுக்கு எலுமிச்சம்பழம் குடுத்து அனுப்புடி, பாவம்" என்று சந்திராவிடம் சொல்லியிருக்கிறார்.

சந்திரா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. சரி, அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

11 மார்ச்

ரத்தப் பரிசோதனை. எனக்கு இல்லை. குமட்டலும் நின்றுவிட்டது.

28 மார்ச்

கணக்கு உதைக்கிறது. டப்பாவில் ஏழு இருக்க வேண்டும், நாலுதான் இருக்கிறது. டிக் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு முறை போட்டேனா? மூன்று நாள் அப்படியா? எனக்கு மறதி உண்டு, ஆனால் அவ்வளவு மறதி இல்லை.

14 ஏப்ரல்

வருடப் பிறப்பு. நேற்றுத்தான் கடைசித் தங்கல் முடிந்து வந்தோம். நாளையிலிருந்து தடைக்காலம், அறுபத்தொரு நாள் கடலுக்குப் போக முடியாது.

புது டப்பாவில் பதினேழு இருக்க வேண்டும். பதின்மூன்று. ஆக மொத்தம் ஏழு காணோம். வீட்டில் இருக்கும்போது குறைவதில்லை, போட்டில்தான் குறைகிறது. பீடி, சுண்ணாம்பு, சோப்பு எதையும் யாரும் கேட்டு எடுப்பது போட்டில் வழக்கமில்லை. ஆனால் மாத்திரையை யார் எடுப்பார்கள்? எதற்கு?

27 ஏப்ரல், ஞாயிறு

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

போட்டைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் டீக்குப் போனதும் மாரிக்கண்ணு அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"டேய் பூமி, அந்த மாத்திரை பேரைச் சொல்லு."

"எந்த மாத்திரைண்ணே?"

"ஒண்ணும் தெரியாதவனாட்டம் கேக்காத. ஒன் மயக்க மாத்திரைதான். ஏழு எடுத்துப் போட்டுருக்கேன். கோச்சுக்காத."

பொங்கலிலிருந்தே அவருக்கு மயக்கமாம். குனிந்து வலையை இழுத்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. "நெடுமாறன் காதுல உழுந்தா என்னைக் கரையில ஒக்கார வச்சுடுவான்" என்றார். நெடுமாறன் எங்கள் போட்டுக்காரர். கடலில் விழுந்து தொலைப்பவனை அவர் எப்படி ஏற்றுவார்? "ஒன் மாத்திரை போட்ட அன்னிக்கெல்லாம் நல்லா நின்னேன்டா. எங்க கெடைக்குது அது?"

நான் சொன்ன மயக்கம் ஒன்று, அவருடைய மயக்கம் வேறொன்று. எல்லாம் ஒரே சொல்லால் வந்த வினை. வாந்தி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

"அது ஒங்களுக்கு ஆகாதுண்ணே. இனிமே தொடாதீங்க."

"ஒனக்கு ஆவும், எனக்கு ஆவாதா?"

"ஆவாது."

"ஒரு மாத்திரை பேரைச் சொல்ல ஒனக்கு மனசு வரலை" என்று எழுந்து போய்விட்டார்.

தமிழ்மொழி மேடத்துக்குப் போன் போட்டேன். "ஏழு மாத்திரையில பொதுவா பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அவருக்கு சுகர், கிட்னி எல்லாம் எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல. தலைசுத்தல் எதனாலன்னும் பாக்கணும். கூட்டிட்டு வாங்க. அது என்ன மாத்திரைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"சொன்னா, எனக்கு எதுக்குன்னு கேப்பாரே மேடம்."

"மாத்திரையைப் பத்திச் சொல்லுங்க. ஒங்க வீட்டுக்காரங்களைப் பத்திச் சொல்லணும்னு கட்டாயமில்ல."

மேடத்துக்கு என்ன, சொல்லிவிட்டார். மாத்திரையில் ஆரம்பித்தால் எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் கடைசியில் சந்திராவிடம்தான் போய் நிற்கிறது.

29 ஏப்ரல்

இன்று சொல்லவில்லை.

1 மே

இன்றும் சொல்லவில்லை. அண்ணன் என்னிடம் பேசுவதில்லை என்று ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது.

4 மே, ஞாயிறு

என் கோழைத்தனத்துக்குக் கூலி வேறொருவர் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

காலையில் கடைத்தெருவில் இருந்து வருகிறேன், காசியம்மா அண்ணி வீட்டு வாசலில் அண்ணனுடைய லுங்கியும் சட்டையும் கிடக்கின்றன. "எவகிட்ட போனியோ அவகிட்டயே போ" என்று கத்துகிறார். அண்ணன் குனிந்து துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நானும் ஒதுங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தேன். சந்திராவின் தையல் மெஷின் நின்றதும், அழுகைச் சத்தம் கேட்டதும் காதில் விழுந்தன. அவர் போன பிறகு சந்திரா வந்து சொன்னாள்.

நான் போட்டிலேயே விட்டுவிட்டு வந்த காலி டப்பாவை அண்ணன் எடுத்து வைத்திருந்திருக்கிறார். அதில் லேபிளைச் சுரண்ட நாங்கள் மறந்துபோனோம். நான் பேர் சொல்ல மாட்டேன் என்றதும் அதை அண்ணியிடம் கொடுத்து, தலைசுற்றலுக்கு மருந்து, வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார். மெடிக்கல் கடையில் ஒரு ஆள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இது? எய்ட்ஸ் மாத்திரையாச்சே" என்றானாம். நாலு பேர் நிற்கும்போது.

"என் ஆளுக்கு எய்ட்ஸாம்டி" என்று சந்திராவின் மடியில் விழுந்து அழுதிருக்கிறார். ஊரில் வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லையாம். "ஒன்கிட்ட மட்டுந்தாண்டி சொல்றேன்" என்றாராம்.

யாருடைய மாத்திரை என்று அண்ணனைக் கேட்டதற்கு, "கரையில கெடந்துச்சு, எடுத்தேன்" என்று மட்டும் சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை.

சந்திரா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

5 மே

அண்ணன் போட்டில்தான் படுத்திருக்கிறார். டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக் குடித்தார்.

"கடையில சொன்னதை அவ வந்து சொன்னா. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு" என்றார். "ஒன் பேரை நான் எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன்."

"ஏண்ணே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்ல இருந்திருக்கலாமே."

"நீ ஊர்ல இருக்கணும்ல. நான் அவகிட்ட திட்டு வாங்குறது புதுசா? நாலு நாள்ல அடங்கிடுவா." டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப நாளா இருக்காடா ஒனக்கு?" என்று கேட்டார்.

எனக்கு நோய் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எனக்கு இல்லைண்ணே என்று சொல்ல வாய் வந்தது. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

6 மே

அண்ணியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

மனசுக்குள் பேச்சை எல்லாம் தயார் பண்ணித்தான் போனேன். அண்ணி, அது நோய்க்கு இல்லை, நோய் வராமல் தடுக்கிற மாத்திரை, அப்படி ஒன்று இருக்கிறது, டாக்டரைக் கேட்டுப் பாருங்கள் — இப்படி. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. "அண்ணி, அது என் மாத்திரை. அண்ணன் தெரியாம எடுத்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அதுவரை சரி.

கூடையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒனக்கா?"

தயார் பண்ணினது ஒன்றும் வரவில்லை.

"ஆமாண்ணி. எனக்குத்தான்."

பொலபொலவென்று கண்ணீர் விட்டார். அது புருஷனுக்கு இல்லை என்ற நிம்மதியா, எனக்கு இருக்கிறது என்ற துக்கமா, இரண்டும் கலந்து வந்தது என்று நினைக்கிறேன். "இந்த வாயால யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. அந்த மாரியம்மன் மேல ஆணை" என்றார். பிறகுதான் அதைக் கேட்டார். "சந்திராவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒன்கூட இருக்காளே. மகராசி."

7 மே

சந்திரா நேற்றிலிருந்து பேசவில்லை. நான் செய்தது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

இன்று சாயங்காலம் வெடித்தாள்.

"என் சீக்கை ஒங்க பேருக்குப் பட்டா மாத்திக்கிட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா?"

"ஒன்னைக் காப்பாத்தத்தானே—"

"யாரு கேட்டா? நாளைக்கு அக்கா வந்து என்னைப் பாவம்னு பாப்பாங்க. மகராசின்னு சொல்வாங்க. நான் அதைக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன்ங்க. இதை எப்படித் தாங்குறது?"

ஊர் என்னை என்ன நினைக்கும் என்று யோசித்தேன், அவளை என்ன நினைக்கும் என்று யோசித்தேன். அவள் அவளையே என்ன நினைப்பாள் என்று யோசிக்கவில்லை.

அப்படியானால் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். சொல்றதா இருந்தா நான் சொல்லிக்கிறேன். அது என்னோடது" என்றாள்.

9 மே

அண்ணனையும் அண்ணியையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எச்.ஐ.வி. இரண்டு பேருக்கும் இல்லை. ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பது, பிரஷரும் அதிகம். கிட்னி கொஞ்சம் பழுதுபட ஆரம்பித்திருக்கிறது. இது ஏழு மாத்திரையால் வந்ததில்லை, ரொம்ப நாளாக உள்ளே இருந்தது என்றார் டாக்டர். கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டேன்.

டாக்டர் அவருக்குக் கடலுக்குப் போகத் தடை போட்டார். எத்தனை நாள் என்று அண்ணன் கேட்டார். சர்க்கரை இறங்கட்டும், பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார். "ஒனக்கென்ன, ஒன்னைக் கடலுக்குப் போவாதன்னு எவனும் சொல்லலை."

15 ஜூன், ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. அண்ணன் இல்லாமல் புறப்பட்டோம். வழியனுப்ப வந்தார். புது ஆளுக்கு வலையைப் பற்றி ஆயிரம் சொன்னார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கயிற்றை அவிழ்த்துவிட்டது அவர்தான்.

10 ஜூலை

மாங்கனித் திருவிழா. போட்டு போகவில்லை. சந்திரா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாடியிலிருந்து எறிந்த மாம்பழம் ஒன்று நேராக அவள் கைக்கே வந்தது. குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பழத்துக்கு எப்படி அலைவார்கள் என்று காரைக்காலில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாகத் தோலோடு சாப்பிட்டு முடித்தோம்.

22 ஜூலை

என் பரிசோதனை: இல்லை. கிட்னி நன்றாக இருக்கிறது. சந்திராவிடம் கிருமி அளவு பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

அவள் பயந்தபடியேதான் நடக்கிறது. காசியம்மா அண்ணி வாரத்துக்கு இரண்டு நாள் வஞ்சிரமும் சங்கராவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லா சாப்புடுடி, ஒடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிப் போகிறார். சந்திரா மீனை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நிற்கிறாள்.

8 ஆகஸ்ட்

கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. தமிழ்மொழி மேடம் தாளைக் காட்டினார். சந்திரா அதை மூன்று முறை படித்தாள்.

மாத்திரையை நான் இன்னும் கொஞ்ச நாள் தொடர வேண்டும், நிறுத்த வேண்டிய நேரத்தில் சொல்கிறேன் என்றார் டாக்டர். குழந்தையைப் பற்றி அடுத்த முறை உட்கார்ந்து பேசலாம் என்றார். அவராகச் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்து நாவல்பழம் வாங்கித் தின்றுகொண்டே பஸ் நிலையம்வரை நடந்தோம். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

16 ஆகஸ்ட், சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலையில் அண்ணி வந்தார். மீன் இல்லை, வெறும் கை. நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போய் சந்திராவை ஓரமாக இழுத்து உட்கார வைத்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. மீன் மார்க்கெட்டில் கூவிப் பழகிய தொண்டை அது.

"நான் ஆஸ்பத்திரி போயிருந்தேன்டி, எங்க ஆளுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க. அந்த மேடத்தைத் தனியாப் புடிச்சுக் கேட்டேன். ஒங்க பேரை எல்லாம் எடுக்கலை. புருசனுக்கு இருந்தா பொண்டாட்டிக்கு வராம இருக்க வழி இருக்கான்னு. இருக்காம்டி! நோய் இல்லாதவங்க தெனம் போட்டுக்கிட்டா ஒட்டாதாம். பேரை எழுதி வாங்கியாந்துட்டேன். இந்தா. இவ்வளவு நாளா அவன் ஒனக்கு ஏன் இதை வாங்கிக் குடுக்கலை? ஆம்பளைங்களே இப்படித்தான். நீ கேட்டு வாங்கிப் போடு. ஒனக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

நான் துணியைப் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றேன். சந்திரா கையில் அந்தச் சீட்டு. மேடத்தின் கையெழுத்து. அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

சந்திரா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவள் என்று மே மாதமே சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த மாத்திரையைத்தான் அவரு சாப்புடுறாரு."

"எது?"

"அன்னிக்கு நீங்க கடைக்கு எடுத்துட்டுப் போன டப்பா. அதுல இருந்த பேரும் இதுல இருக்குற பேரும் ஒண்ணுதான்."

அண்ணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரலை மடக்கி எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "நோய் இல்லாதவங்க போடுறதுன்னுல்ல அந்த மேடம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"அவருக்கு இல்லக்கா. எனக்குத்தான். என் மொதல் வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்தது. ஜனவரியிலதான் தெரிஞ்சுது."

சந்திராவின் குரல் கொஞ்சம்கூட உடையவில்லை. அண்ணி எழுந்து போய்விடுவார், ரவிக்கைத் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். மெஷின் மேல் அவருடைய பச்சை ரவிக்கை பாதி தைத்துக் கிடந்தது.

அண்ணி சந்திராவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்லண்ணி."

"ஒரு பொட்டுகூட இல்லையா?"

"இல்லண்ணி."

"அடப்பாவி! ஒனக்காக ஒம்பது சனிக்கிழமை பட்டினி கெடக்கிறேன்னு சனீஸ்வரனுக்கு நேந்துக்கிட்டேனேடா. என் புருசன் மேல வந்த பழியை வாங்கித் தலையில போட்டுக்கிட்டுப் போனியே, இந்தப் புள்ளை நல்லா இருக்கணும்னு, இன்னியோட அஞ்சு சனி பச்சைத் தண்ணி குடிச்சிட்டுத் திருநள்ளாத்துக்குப் போய் எள்ளு வெளக்கு ஏத்திட்டு வர்றேன். ஒண்ணும் இல்லாதவனுக்கா கெடந்தேன் இவ்வளவு பட்டினியும்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மன்னிச்சுக்குங்க அண்ணி என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் சந்திரா பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"மிச்சம் நாலு சனி இருக்கு. அது ஒனக்கு" என்றார். எழுந்து, கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றார். "இந்தக் கை இறுக்கமா இருக்குன்னு போன தடவையே சொன்னேன், நீ காதுலயே வாங்கலை. டேப்பை எடு. நல்லா அளந்து தைடி."

23 ஆகஸ்ட், சனி

திருநள்ளாற்றுக்குப் போகும் வழியில் காலையிலேயே அண்ணி வந்துவிட்டார். பட்டினி. சந்திராவுக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும், தானும் இன்றைக்குச் சாப்பிடவில்லை என்றாள். "மாத்திரை போடுறவ வெறும் வயித்துல இருப்பியா? நல்லா இருக்குடி ஞாயம்" என்று அதட்டி உட்கார வைத்து, அவள் இரண்டு தோசை தின்று மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழே காலுக்குப் பஸ் பிடிக்கப் போனார்.